மரிலேனாவின் பாடத்தைக் கேட்க ஓர் ஆள்

தூரின், செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? என் இருமல் விட்டது.

என் மாணவி மரிலேனா வாய்மொழித் தேர்வில் மறுபடியும் வாயடைத்து நின்றாள். புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு மட்டும் போட்டிருக்கிறாள். "புத்தகத்தை மூடிட்டு வீட்டுல யாருக்காவது சத்தமா சொல்லிக் காட்டும்மா" என்றேன்.

"தனியா இருக்கேன் சார். சுவத்துக்கா சொல்றது?" என்றாள்.

பாடம் தெரிந்த என்னிடம் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாள். அதனால், வியாழன் மாலை கல்லூரியில் என் அறையிலிருந்து உன்னைப் போனில் கூப்பிடுவாள். சின்ன வயதில் நான் பாடம் ஒப்பிக்கும்போது, பாஸ்தா மாவு பிசைந்தபடி என்னிடம் சொல்வாயே, "புரியலடா, திரும்பச் சொல்லு" என்று, அதையே அவளிடமும் சொல். சிறுநீரகப் பாடம் முடியும்வரை "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிடாதே.

வகுப்பு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். அவள் முடித்ததும் போனை என்னிடம் தரச் சொல். பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். அந்தச் சாப்பாட்டுக் கேள்வியை அப்போது என்னிடம் கேள்.

உன் ருஜ்ஜேரோ