பாதியாக வெட்டிய காதுத் தக்கை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கச்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் நம் பேத்தி வாலுவும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் நினைக்கிறேன். உன் மாமியார் டீச்சரம்மாவும் சுகமாகத்தான் இருப்பார், அவருக்கு என்ன, மகள் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம், பேத்தி நடுவில். இதை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறாய், நான் பேசுவதை அந்த வீடே கேட்கிறது. போன மாதம் உன் அப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் டீச்சரம்மா இருமினார், அதோடு உன் பேச்சே மாறிப்போயிற்று. எனக்குக் காது மந்தம்தான், ஆனால் அந்த இருமல் மட்டும் நன்றாகக் கேட்கும். அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் நீயே சரியாக வைத்துப் படித்துக்கொள், சிவப்பு மையால் திருத்துகிறவர் கையில் கொடுத்துவிடாதே.

உன் அப்பாவுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிவிட்டு, ஏறியதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் தங்கச்சிக்கு லாண்டரியில் காலை ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள், இனி மதியம் வீட்டில் இருப்பாள். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆகிறது, நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. உன் தங்கச்சி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். பெரிய மைதானம், பின்னால் மேடை, விளக்கு வெளிச்சம், நடுவில் வாலு, அவள் தோளில் கை போட்டுக்கொண்டு டீச்சரம்மா, அவர் காதில் நீல நிறத்தில் தக்கை. பேத்தியோடு பாட்டுக் கச்சேரிக்குப் போகிறாராம், அறுபத்தெட்டு வயதில். நல்லது, போகட்டும். நான் போன வருஷம் அங்கே வந்து இருபத்தாறு நாள் இருந்தேன், ஒரு நாளாவது என்னைக் கச்சேரிக்குக் கூப்பிட்டாயா. அம்மாவுக்குச் சத்தம் ஒத்துக்காது என்று மருமகளிடம் நீதான் சொன்னாய், செவ்வாய்க்கிழமை, நான் எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் நின்றவளுக்குச் சத்தம் ஒத்துக்காதாம்.

பழசைக் கிளறுகிறேன் என்று சொல்லாதே தம்பி, கிளறுவதற்கு நான் எதையும் புதைத்து வைக்கவில்லை, எல்லாம் மேலேயேதான் கிடக்கிறது. வாலு பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று மணி நேரம் நின்றவள் நான். பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கக் கீழே போய் வந்த ஐந்து நிமிஷத்துக்குள் நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து டீச்சரம்மா கையில் கொடுத்துவிட்டாள். நான் படியேறி வந்ததும், வாங்க சம்பந்தி, பாருங்க, அப்படியே எங்க வீட்டு ஜாடை என்றார். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வாலு பேச ஆரம்பித்ததும் அவர் டீச்சர் பாட்டி ஆனார், நான் பாட்டில் பாட்டி ஆனேன். பிள்ளை ஆசையாகக் கூப்பிடுகிறாள், அதற்கு நான் கோபிக்கவில்லை. அதைக் கேட்டு டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பார், அதுதான் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், நீ உட்கார்ந்து படி. வாலு வாரத்துக்கு ஒரு தடவை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு தனியாகப் பேசுவாள், அது உனக்கே தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் அப்படிப் பேசும்போது, பாட்டி, கச்சேரிக்குப் போனா காது கெட்டுப்போகும்னு டீச்சர் பாட்டி ஒரு பெட்டி நிறைய இயர் பிளக் வாங்கிக் குடுத்தாங்க, என்மேல எவ்ளோ அக்கறை பாரு என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையிடம் மறைக்க என்ன இருக்கிறது, எரிந்தது. காதுத் தக்கையைப் பற்றி எனக்குத் தெரியாததா டீச்சரம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆனா பாட்டி, அது பெரிசா இருக்கு, உள்ளே வலிக்குது, வெளியே துருத்திக்கிட்டு நிக்குது, போட்டோல அசிங்கமா இருக்கு என்று அவளே இழுத்தாள். நான் உடனே, இதுக்கா இவ்வளவு, நாங்க கம்பெனியில கத்தரிக்கோலால பாதியா வெட்டித்தான் வச்சுக்குவோம், உறுத்தவும் செய்யாது வெளியே தெரியவும் செய்யாது, இதெல்லாம் உங்க டீச்சர் பாட்டிக்கு எங்கே தெரியப்போகுது என்றேன். அவள் சிரித்துவிட்டு, நீ கில்லாடி பாட்டி என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

வெட்டியது உண்மைதான். பெல்ட்டில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும் சத்தத்துக்காகக் கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஜோடி மஞ்சள் தக்கை கொடுப்பார்கள், பஞ்சு மாதிரி அமுங்கும், இரண்டே நாளில் கறுத்துப்போகும். பாதியாக வெட்டினால் வாரக் கடைசிவரை புதிது இருக்கும், சூப்பர்வைசர் கிட்டே வந்து காதுக்குள் எட்டிப் பார்த்தாலும் மஞ்சளாக ஏதோ தெரியும். எங்கள் வரிசையில் பதினான்கு பேர், பதினான்கு பேரும் வெட்டினோம், நாங்களே கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம். அவளிடம் நான் சொல்லாமல் விட்டது இதற்கு அப்புறம் நடந்ததை. கம்பெனி மூடுவதற்கு முந்தின வருஷம் காது டாக்டர் வந்து ஒவ்வொருவரையும் ஒரு பெட்டி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார், பதினான்கில் பதினொரு பேருக்குக் காது போயிருந்தது, அதில் மோசமானவர்கள் வரிசையில் நான் மூன்றாவது. என் பாதித் தக்கையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது காதை அடைக்கலம்மா, வாசல்ல உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டிருந்திருக்கு என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். இன்றைக்கு வாலு போனில் குரலைத் தாழ்த்திப் பேசினால் எனக்குப் பாதிச் சொல் காதில் விழாது, நான் ம், ம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், அவள் கேட்டதற்கு அதுதான் பதில் என்று அவளும் நினைத்துக்கொள்வாள். இதெல்லாம் தெரிந்துதான் வெட்டச் சொன்னேன். டீச்சரம்மா வாங்கிக் கொடுத்தது ஒன்றுக்கும் உதவாது என்று ஆக்குவதற்காகச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். பாட்டி, நேத்து கச்சேரியிலேர்ந்து வந்ததும் ரெண்டு காதுலயும் கொய்ங்னு சத்தம், நிக்கவே மாட்டேங்குது என்றாள். டீச்சரம்மா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம், இவள் தோழிகளோடு முன்னால் போய் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக மூன்று மணி நேரம் நின்றிருக்கிறாள். நீ அனுப்பிய படத்தில் அவள் காதில் ஒன்றும் தெரியவில்லையே, உள்ளே பாதித் தக்கை இருந்தது. புதன்கிழமை நானே கூப்பிட்டுக் கேட்டேன், வலது காது சரியாப்போச்சு, இடது காதுல இன்னும் இருக்கு என்றாள். யார்கிட்டயும் சொல்லாத பாட்டி, அம்மாவுக்குத் தெரிஞ்சா அடுத்த கச்சேரிக்கு விட மாட்டாங்க, டீச்சர் பாட்டிக்குத் தெரிஞ்சா வெட்டினதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் என்றாள். பதினேழு வருஷத்தில் அந்த வீட்டு விஷயம் ஒன்று டீச்சரம்மாவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை. நீ என்ன நினைத்தாலும் சரி, அதை நான் நாலு நாள் முந்தானையில் முடிந்துவைத்த மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன், பாத்திரம் கழுவும்போதுகூட நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டேன். நேற்று உன் அப்பா பின்னால் வந்து தோளைத் தொட்டார், நான் திடுக்கிட்டுத் திரும்பினேன், மூணு தடவை கூப்பிட்டேனே என்றார். எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கையை அப்படியே துடைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

கச்சேரிக்கு வைக்கிற தக்கை காட்டுங்கள் என்றதும் கடைக்காரர், யாருக்கும்மா, உங்களுக்கா என்றார். ஏன், எனக்குக் காது இல்லையா என்று கேட்டேன், அப்புறம் மரியாதையாக எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினார். நான் ஒன்றொன்றாக என் காதிலேயே வைத்து, அவரை ரேடியோ சத்தத்தைக் கூட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மெழுகு மாதிரி பிசைந்து ஒட்டுகிற ஒன்று இருக்கிறது, அது நீச்சலடிப்பவர்களுக்கு, அவளுக்கு வேண்டாம். டீச்சரம்மா வாங்கியது அமுங்குகிற வகை, அது மோசமில்லை, நானே சொல்கிறேன், ஆனால் முழுசாக இருக்க வேண்டும், விரலால் உருட்டி ஊசி மாதிரி மெலிதாக்கி உள்ளே விட்டு அது உப்பும்வரை முப்பது எண்ணிப் பிடிக்க வேண்டும். அதை வைத்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும், நம் வாலு பொறுக்க மாட்டாள், பிடுங்கிவிடுவாள். பாட்டுக் கேட்கிறவர்களுக்கென்றே குடை குடையாக மூன்று அடுக்கு வைத்து நடுவில் சின்ன வடிகட்டியோடு ஒன்று வருகிறது, சத்தத்தை மட்டும் குறைக்கும், பாட்டும் வார்த்தையும் அப்படியே இருக்கும், அதை வாங்கு. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு உண்டு, அவளுக்குச் சின்னது, இரண்டு காதுக்கும் இரண்டு அளவுகூட வேண்டியிருக்கும். பெட்டியில் எண் போட்டிருப்பார்கள், எண் பெரிதாக இருந்தால் அதிகமாக அடைக்கும் என்று அர்த்தம், அதற்காகப் பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கிவிடாதே, கழற்றாமல் வைத்திருப்பதுதான் நல்ல தக்கை. வைத்த பிறகு உள்ளங்கையால் காதை மூடிப் பார்க்கச் சொல், சத்தம் அப்போதும் நிறையக் குறைந்தால் தக்கை சரியாக உட்காரவில்லை. ஸ்பீக்கர் பக்கம் நிற்கக் கூடாது, நடுநடுவே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் காது டாக்டர். நாளை மறுநாள் என்று தள்ளாதே, இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கூட்டிப் போ. அடுத்த கச்சேரி பதினெட்டாம் தேதி என்றாள், அதற்குப் போகலாமா என்பதை அவர் சொல்லட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

போகலாம் என்று சொன்னால், புதுத் தக்கையை முதல் நாலைந்து தடவை இன்னொருவர் வைத்துவிட வேண்டும். காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்தால்தான் உள்வழி நேராகும், புதிதாக வைக்கிறவளுக்குத் தன் கையால் வராது. நான் வந்து வைத்துவிடுகிறேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். உன் அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது, வந்தாலும் டிக்கெட் கிடைத்துப் பதினெட்டாம் தேதிக்குள் வந்து சேர முடியாது. உனக்குக் கை முரடு, மருமகள் வேலை முடிந்து வருவதற்குள் இவள் கிளம்பிவிடுவாள். டீச்சரம்மாவே வைக்கட்டும். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அவரிடம் கொடு, வெட்டச் சொன்னது நான் என்பது அதில் இருக்கிறது, அவர் படிக்க வேண்டும், வாலு அதற்காகத் திட்டு வாங்கக் கூடாது. அவர் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும், நீ அதை எனக்கு எழுத வேண்டாம். வாலுவிடமும் நான்தான் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிடு. இனி கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேச மாட்டாள், அது தெரிந்துதான் எழுதுகிறேன். என்னோடு பேசாவிட்டால் போகிறது, யாராவது பின்னாலிருந்து ஒரு தடவை கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கட்டும்.

நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், மருமகளுக்கு என் அன்பு, வாலுவுக்கு என் முத்தம், வாங்கிக்கொண்டால் கொடு. உன் மாமியாரை விசாரித்தேன் என்று சொல், அதற்கு மேல் ஒன்றும் சேர்த்துச் சொல்லாதே. டாக்டர் இடது காதைப் பற்றிச் சொன்னதை இரண்டு வரியாவது உன் கையால் எழுதி அனுப்பு, போனில் சொன்னால் எனக்குச் சரியாகக் கேட்காது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா