பரணுக்கு அடியில் முக்காலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவருடைய தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இது வழக்கமாக எழுதும் சுகம் இல்லை, இந்த முறை நிஜமாகவே சுகம், ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே எப்படி இருக்கிறீர்கள், குழந்தைக்குச் சளி விட்டதா? போன வாரம் அனுப்பிய போட்டோவில் நீ மெலிந்து தெரிகிறாய், வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் கிடக்காதே, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படியே அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய். என் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் நாற்காலியை இழுத்தால் நம் வீட்டுக்குள் இடி இடிக்கிறது, போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று அப்பாவை அனுப்பினேன், அவர் எல்லா நாற்காலிக் காலுக்கும் அடியில் ரப்பர் ஒட்டிவிட்டு வந்து நிற்கிறார். சண்டை போட அனுப்பினால் வேலை செய்துவிட்டு வருகிற தச்சர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா கோவிலில் திருவிருந்து எடுத்தார், எல்லோரோடும் அப்பமும் ரசமும் வாங்கினார். ஆமாம், உன் அப்பாதான். உன் கல்யாணத்தன்றுகூட நீயும் மாப்பிள்ளையும் திருவிருந்துக்கு முழங்காலில் நின்றபோது கோவில் பின்கதவின் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதே அப்பா. அன்றைக்கு நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு விசுவாசமே இல்லையாம்மா என்று கேட்டாய், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். விசுவாசம் இல்லாமல் இல்லை, தினமும் விளக்கை அணைக்குமுன் அவர் செய்யும் ஜெபத்தில் உன் பெயர், குழந்தையின் பெயர், எதிர்வீட்டுக்காரர் பெயர்வரை வரும், மன்னிப்புக் கேட்கிற இடம் வந்தால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும். எனக்கு அந்த இருமலின் காரணம் தெரியும், உனக்குத் தெரியாது.

மாமாவின் கடையில் பரண் விழுந்து அவன் கால் ஊனமானது உனக்குத் தெரியும், அப்போது நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ஏன் விழுந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. இப்போது அப்பாவே, "பரண் விஷயத்தை அவளுக்கு எழுதிடு, இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார். அந்தப் பரணைப் போட்டது அவர்தான். கடைசியாகச் சுவரில் பிடிப்புக் கொடுக்கும்போது நீள ஸ்க்ரூ தீர்ந்துபோய்விட்டது, இப்போதைக்கு நிற்கட்டும், நாளைக்கு வந்து மாற்றிவிடலாம் என்று குட்டை ஸ்க்ரூவை வைத்து முடுக்கிவிட்டு வந்துவிட்டார். தச்சு வேலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாளைவரைக்கும் மேலே எதையும் ஏற்றாதே என்று உன் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துபோனார். தையல் மிஷின் ரிப்பேர் கடை, ஒவ்வொரு மிஷின் தலையும் இரும்புக் கனம், மாமா அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் மேலே அடுக்கிவிட்டு அடியில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான். மிச்சம் உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு நினைவு வந்ததும் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஒளிக்கவில்லை. என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வலியிலும் அவன், "தெரிஞ்சா செஞ்சீங்க அத்தான்? நான் மனசார மன்னிச்சுட்டேன், ஆண்டவரும் மன்னிச்சுருவாரு, இதோட விட்டுருங்க" என்றான். அப்பா தலையை ஆட்டினார். அதோடு விட்டாரா? மாமா வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்தால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார், ஆடாத மேஜைக்கு ஆணி அடிப்பார், நன்றாகச் சாத்துகிற கதவைக் கழற்றி இழைப்பார். இத்தனை வருடமாக இழைத்தால் மரம் என்ன செய்யும்? உன் அத்தை ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்து, "அண்ணி, எங்க வீட்டுக் கதவு அட்டை மாதிரி ஆயிடுச்சு, அடிச்சந்துல பூனை குனியாமலே உள்ள வருது, எப்படியாவது அண்ணனை நிறுத்துங்க" என்று கெஞ்சினாள். நான் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். கோவிலிலும் அதே கதைதான், திருவிருந்துக்கு முழங்கால் போடுகிற இடத்தில் இருக்கும் மரத் தடுப்பு அவர் கையால் செய்தது, மாதம் தவறாமல் துடைத்து மெருகு போடுவார், விபத்துக்கு அப்புறம் ஒருநாளாவது அதன் முன்னால் முழங்கால் போட்டது கிடையாது. போதகர் கேட்டதற்கு, "தகுதி வரட்டுங்க ஐயா" என்றாராம். "தகுதி இருக்கறவங்களுக்கு மட்டும்னா நான் இந்த மேஜையை எப்பவோ மடிச்சு வெச்சிருப்பேனே, முதல்ல எனக்கே இடம் கிடைச்சிருக்காது" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். நம் ஆள் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் ஆயிற்றே, அசையவில்லை.

இந்த நிலைமையில்தான் மாமாவின் கடைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று அவன் ரெண்டு தெரு தள்ளி வேறு கடை பிடித்தான். குறுகலான கடை, பரண் இல்லாமல் முடியாது. நேரே நம் வீட்டுக்கு வந்து, அத்தான், பரண் நீங்கள்தான் போட வேண்டும் என்று சொன்னான். அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு அவர் கட்டில், அலமாரி என்று தரையில் நிற்கிற சாமான் தவிர எதையும் செய்வதில்லை, தலைக்கு மேலே ஒரு பலகைகூட மாட்டுவதில்லை, சூடு கண்ட பூனை. வேறு நல்ல ஆளை அனுப்புகிறேன் என்றார். வேறு ஆள் போட்டால் நான் அடியில் உட்கார மாட்டேன் என்று மாமா பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். வாரக்கணக்காக மிஷின் தலைகள் கடைத் தரையிலேயே கிடந்தன, வாடிக்கைக்காரர்கள் தடுக்கி விழாத குறை. கடைசியில் ஒருநாள் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா கையை உதறிவிட்டுக் கேட்டான், "அத்தான், அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் குடுத்த மன்னிப்பை நீங்க வாங்கவே இல்ல. வாரா வாரம் எங்க வீட்டுல கொண்டுவந்து திருப்பி வெச்சுட்டுப் போறீங்க. நான் குடுத்தது அவ்வளவு மட்டமா? ஆண்டவர் குடுத்ததையும் இப்படித்தானே வாசல்லயே நிக்க வெச்சிருக்கீங்க?" அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

பரண் போட்டார் பார், அந்தக் கட்டடம் இடிந்தாலும் பரண் மட்டும் அந்தரத்தில் நிற்கும், அத்தனை இரும்பு ஆங்கிள், விரல் நீள ஸ்க்ரூக்கள். போட்டு முடித்தும் திருப்தி இல்லை, ஒரு வாரம் மணல் மூட்டை ஏற்றிவைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை ஒருத்தரும் கீழே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு மூட்டை எடுத்துவரப் போனார். நான் எல்லோருக்கும் டீ கொண்டுபோயிருந்தேன். அவர் தலை மறைந்ததும் உன் மாமா கடை ஆட்களை விட்டு மிஷின் தலை எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டான், முக்காலியை இழுத்து நேர் அடியில் போட்டு, மடக்க வராத காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கினான். அப்பா வாசலில் வந்தவர் அண்ணாந்து பார்த்தார், மூட்டை தோளிலிருந்து அப்படியே விழுந்தது. "எந்திரி, எந்திரிடா, இன்னும் சோதிச்சே பாக்கல" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாமா அசையவே இல்லை. "சோதிச்சுப் பாத்துட்டுத்தான் உக்காருவேன்னா அதுக்குப் பேரு நம்பிக்கையா அத்தான்? வாங்க, நீங்களும் வந்து உக்காருங்க, டீ ஆறுது" என்றான். அப்பா ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றார். அப்புறம் ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளே போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, அந்தக் கெட்டுப்போன முழங்காலில் நெற்றியை வைத்து அழுதார் பார், என் மாமியார் இறந்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாமா அவர் தலையில் கை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் டீயைக் குடித்து முடித்தான், அவன் ஒரு தனிப் பிறவி. இப்படி ஒரு தம்பியை எனக்குக் கூடப்பிறக்க வைத்ததற்கு நான் ஆண்டவருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் தீராது.

அந்த ஞாயிறு திருவிருந்து நேரம் வந்ததும் நான் வழக்கம்போல எழுந்து அவருக்குப் பின்கதவுப் பக்கம் போக வழிவிட்டேன். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், தானே செய்த தடுப்பின் முன் முழங்கால் போட்டார், உளி பிடித்துக் காய்த்துப்போன அந்த ரெண்டு கையையும் ஏந்தினார். போதகரின் குரல் கொஞ்சம் தடுமாறியது என்று நினைக்கிறேன், என் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் நான் கேட்காமலே என் காதில் மெதுவாகச் சொன்னார், "வெறுங்கையை நீட்டுனேன்டி, குடுத்துட்டாரு. ஒண்ணுமே கேக்கல." அதையே வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒண்ணுமே கேக்கல.

குழந்தைக்குத் தலை துவட்டிவிட மறக்காதே, நீயும் குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உன்னையும் மாப்பிள்ளையையும் என் செல்லத்தையும் ஆண்டவர் தம் கிருபையில் மூடிக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பரண் கதையை எழுதச் சொன்னவர், ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை மட்டும் நானே அவளுக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா, அடக்க முடியவில்லை. போனில் அவர் சொல்லும்போது நீ எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, முதல் தடவை கேட்பது போலவே கேள். அவர் நடுவில் நிறுத்தினாலும் நீ எடுத்துக்கொடுத்துவிடாதே, அவரே சொல்லி முடிக்கட்டும்.

என்றும் உனக்காக ஜெபிக்கிற,
உன் அம்மா