திறக்காத பை

ஜூன் 3
மன்னித்துக்கொள் டைரி, இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறக்கிறேன். குட்டி இப்போதுதான் தூங்கினாள். மாலையில் பட்டறையிலிருந்து இரண்டு கையும் கரியாக வந்து நின்றாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாயில் வைத்திருப்பாளோ? "மெக்கானிக் பொண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று சிரிக்கிறார் இவர். இவருக்கென்ன.

மற்றபடி நல்ல நாள். இரண்டு கார்களுக்கு பிரேக் பேட் மாற்றினார். கழற்றிய பழசை வண்டி எண் எழுதிய பைகளில் போட்டு வைத்திருந்தேன்; கிளம்பும்போது முடிச்சுப் போட்டு டிக்கியில் வைத்தேன். மாற்றியது தேவைதானா என்று வண்டிக்காரர்களே பார்க்கட்டும். என் யோசனை இது. கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 5
அன்றைய இரண்டு கார்களில் ஒன்று அடுக்குமாடிச் சங்கச் செயலாளருடையது. இன்று அவர் வந்து பையை மேசையில் கவிழ்த்தார். "ஏம்மா, இது சின்ன வண்டி பேடு. என் வண்டியில ஏறவே ஏறாது. யார் காதுல பூ சுத்துறீங்க?"

"சக்கரத்தைக் கழட்டிக் காட்டுறேன் சார். புதுசுதான் போட்டிருக்கேன்" என்றார் இவர்.

"புதுசு போட்டது தெரியுது. பழசு தேஞ்சிருந்துச்சுன்னு எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. அந்த அடுக்குமாடியின் பாதி வண்டிகள் அவர் சொல்லித்தான் இங்கே வருகின்றன. பை மாறிவிட்டதா? எண் எழுதியது நான். பேடைப் போட்டதும் நான். நானேதான் —

ஜூன் 6
துணி மடித்துக்கொண்டிருந்தேன். குட்டி ஒரு கூடையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டாள். அங்கிருந்ததை இங்கே போட்டாள். கையிலிருந்த துணியை அப்படியே கீழே வைத்தேன். அன்றைக்கு அந்தக் கரிக் கையைக் கழுவினேனே தவிர, பட்டறையில் எதைத் தொட்டாள் என்று யோசித்தேனா?

செயலாளருக்குப் போன் செய்தேன். "இப்ப குழந்தை மேல பழியா?" என்றார்.

"இன்னொரு பையை நீங்களே வந்து திறங்க சார்."

என் வாயா இது?

ஜூன் 7
இன்னொரு வண்டி பாட்டு டீச்சருடையது. பையைத் தூக்கிப் போட்டிருந்தால்? செயலாளர், இவர், நான் மூவரும் டீச்சர் வீட்டுக்குப் போனோம்; வழி முழுக்க அதே நினைப்பு.

டிக்கியில், குடைக்கு அடியில், நான் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது பை. "இதையெல்லாம் யாரு திறப்பா? உங்களைத்தான் நம்புறேனே" என்றார் டீச்சர்.

செயலாளர் முடிச்சை அவிழ்த்தார். அவர் வண்டியின் பேடுதான். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சுரண்ட எதுவும் இல்லை, முழுக்கத் தேய்ந்து வெறும் தகடு. "இதோடயா பேத்தியை ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன்?" பிறகு இவரிடம், "உங்க சின்ன மெக்கானிக்கை வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க" என்றார்.

அப்பாடா.

ஆகஸ்ட் 12
பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே இப்போது தடுப்புக் கதவு. குட்டிக்கு என் மேல் தீராத கோபம்.

செயலாளர் தன் மகளின் வண்டியைக் கொண்டு வந்திருந்தார். பையை இங்கேயே திறந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். முன்பென்றால் சுருக்கென்றிருக்கும். இன்றைக்கு நிம்மதியாக இருந்தது. டீச்சர் வண்டியும் சர்வீஸ் முடிந்து போனது. அவர் இதையும் திறக்கமாட்டார்; அந்தப் பைதான் உறுத்துகிறது.

இப்போதுதான் செய்தி அனுப்பினேன்: "டீச்சர், இந்நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்குங்க. டிக்கியில பழைய ஃபில்டர் இருக்கு. இந்தத் தடவை பையைத் திறந்து பாருங்க. பார்த்துட்டு சீக்கிரம் பதில் போடுங்க."