சுத்தியல் பவளமும் பால்கனிக் கதவும்

ஆர்.கே.புரம், புது தில்லி
சனிக்கிழமை காலை

அன்புள்ள சுபாஷிணிக்கு,

பாளையங்கோட்டைக் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறது என்று வள்ளி அக்கா சொன்னார்கள். நீ சொன்னால் நம்ப முடியாது என்பதால் உன் அக்காவிடமே கேட்டேன். தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்பாய். போனில் ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான்.

முதலில், கண்ணாடித் தொட்டியில் நீ உயிரோடு வளர்க்கும் உன் பவளங்கள். நீ சொன்னபடி தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலந்து, சுண்ணாம்புச் சத்து அளந்து ஊற்றி, விளக்கை நேரத்துக்கு அணைத்து, ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் நீ போனதிலிருந்து, சுத்தியல் தலை மாதிரி நுனி உள்ள அந்தச் சுத்தியல் பவளம் சரியாக விரியவில்லை. மற்றவற்றின் வளரும் நுனியில் இருந்த வெள்ளை விளிம்பும் மங்கிவிட்டது. தண்ணீரைச் சோதித்தால் பி.எச். இறங்கி, அமிலம் ஏறிக்கொண்டே போகிறது. பயந்துபோய், உனக்கு இவற்றை வரவழைத்துத் தந்த ப்ரசன்னாவைக் கரோல் பாகிலிருந்து கூப்பிட்டேன்.

அவன் தொட்டியைப் பார்க்கவே இல்லை, ஜன்னல்களைத்தான் பார்த்தான். குளிர்காலப் புகைக்குப் பயந்து வீட்டை இப்படி அடைத்து வைத்தால் நாம் விடும் மூச்சு தண்ணீரில் போய்க் கரையும், கல் பவளத்துக்கு அது ஆகாது என்றான். பிறகு, நீங்க ஆபீஸ் போனதும் அண்ணி பால்கனிக் கதவைத் திறந்து வைப்பாங்களே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். வீட்டில் ஏர் பியூரிஃபையர் ஓடியும் உன் இழுப்பு ஏன் நிற்கவில்லை என்று டாக்டரே குழம்பினார். அந்த மெஷினை விற்ற கடைக்காரரோடு நான் சண்டையே போட்டேன். பாவம், அந்த மனிதர் அண்ணா அண்ணா என்று இந்தியில் கெஞ்சினார். இங்கே மகாராணி, தில்லிப் புகையைக் கதவு திறந்து வரவேற்றிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்துக்கொண்டு, பவளத்துக்குச் சாப்பாடு போட்டீங்களா என்று கையால் கேட்டவள்தானே நீ. கோபம் கோபமாக வருகிறது. அன்று நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா, சுபா.

இப்போது கதவைத் திறப்பது நான். குல்லாயும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். சுத்தியல் மெல்ல விரிந்து ஆட ஆரம்பித்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வெளிக்காற்று குழாய் வழியாகத் தொட்டிக்கு மட்டும் போகும்படி ப்ரசன்னா ஜன்னலில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறான். ஓரளவுதான் உதவுமாம்.

மலை மந்திர் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்தேன். உன் நெஞ்சைப் பற்றித்தான் சொன்னேன். பவளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புகை குறைந்ததும் மாசியில் வா. வந்த பிறகு எந்தப் புகைக்காலத்திலும் அந்தக் கதவு திறக்காது. குழாய்க் காற்று போதவில்லை என்றால் தொட்டி ப்ரசன்னா வீட்டுக்குப் போகும், அங்கே யாருக்கும் இழுப்பு இல்லை. நீ என்னோடு பேசமாட்டாய், தெரியும். பேசாதே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள். அதற்காவது நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

இன்ஹேலரை மறக்காதே. நன்றாக இரு.

உன்
சுந்தரேஷ்