கீறலில்லாத நாணயம்

பிப்ரவரி 9

தம்பியை வெள்ளி நாணயத்தில் பொறிக்கப் போகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் போட்டியின் நினைவு நாணயம். அதுவும் நான் வேலை பார்க்கும் நாணயச்சாலையிலேயே. பார்வையில்லாத அவனும் வழிகாட்டி ஓடுபவரும் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு ஓடும் படம். போன வருடம் சர்க்கரையால் பாதம் மரத்து ஓட்டத்தை விட்டபின் இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தான். "தொந்தி தெரியாம போடச் சொல்லுக்கா" என்கிறான்.

பிப்ரவரி 23

சாப்பாட்டுத் தட்டு அளவில் நாணயத்தின் பிளாஸ்டர் மாதிரி தயார். அதைச் செதுக்கிய எங்கள் சாலைச் சிற்பி கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பியைக் கூட்டிட்டு வாங்கம்மா, தடவிப் பாக்கட்டும். அச்சு எடுத்ததும் இதை உடைச்சிடுவோம்."

வேண்டாம் என்றுவிட்டேன். பதினாறு வருடமாக மயிரிழைக் கீறலுக்கும் நாணயத்தை ஒதுக்கித் தள்ளுகிற கண் இது. அவன் விரலில் முதலில் படுவது பளபளவென்று குறையில்லாததாக இருக்க வேண்டும். நாலு மாதம் பொறுக்கமாட்டானா என்ன?

மார்ச் 17

மாதிரியை உடைத்துவிட்டார்கள். வழக்கம்தான்.

ஏப்ரல் 5

மூன்று நாளாக பிரெயில் புத்தகத்தின் ஒரே பக்கத்தை மடியில் வைத்திருக்கிறான். "மனப்பாடம் பண்றியாடா?" என்று சீண்டினேன்.

"விரல்ல புள்ளி தெரியலக்கா. ஒரு மாசமாவே மங்கிட்டு வந்துச்சு. உன்கிட்ட சொல்லல."

கண்ணைக் கொண்டுபோனது, காலைக் கொண்டுபோனது. இன்னும் என்னதான் வேண்டும் இந்தப் பாழாய்ப்போன சர்க்கரைக்கு?

ஏப்ரல் 8

டாக்டர்: "இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். போனது திரும்புறது கஷ்டம்."

ஏப்ரல் 30

சிற்பியிடம் போய் நின்றேன். உடைந்த துண்டாவது— "அப்பவே அள்ளிட்டாங்களேம்மா."

அவர் கூப்பிட்டப்போ கூட்டிட்டுப் போயிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? அப்போ அவனுக்கு விரல் இருந்துச்சே. கீறலில்லாத காசு வேணும்னு எவ கேட்டா? நான்தான் கேட்டேன். அவனுக்காக இல்லை, என் பெருமைக்காக.

ஜூன் 21

நாணயம் கிடைத்தது. கண்ணாடிபோல் மின்னுகிறது, ஒரு கீறல் இல்லை. கையுறை போடாமலே உறையிலிருந்து எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் வெகுநேரம் தடவினான்.

"ரெண்டு பேரும் ஓடுறது அப்படியே வந்திருக்குக்கா."

அவன் தடவிக்கொண்டிருந்தது ஆண்டும் மதிப்பும் மட்டும் உள்ள பக்கம்.

"ஆமாண்டா" என்றேன், "அச்சு அசல் நீதான்."