மிதித்த கால்

தாராவி, 12-3-1964

அம்மாவின் பாதங்களுக்குச் சுயம்புவின் வணக்கம். உங்கள் இருமல் தணிந்ததா? பயப்படாமல் படியுங்கள்; அடிபட்டது எனக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சடுகுடு ஆடும்போது, என்னோடு அறையில் தங்கியிருக்கும் அய்யாத்துரை விழுந்துவிட்டான். கணுக்கால் வீங்கி, ஊன்றவே முடியவில்லை. எல்லோரும் சுளுக்கு என்றார்கள். "ஏலே, நம்ம சுயம்பு காலு முந்திப் பொறந்தவம்லா! அவன் மிதிச்சா எந்தச் சுளுக்கும் போயிரும்" என்று நம் ஊர்க்காரன் ஒருவன் கத்தினான். நாலு பேர் அய்யாத்துரையை அமுக்கிப் பிடித்தார்கள். நான் மிதித்தேன், மூன்று தரம். அவன் அலறியதற்கு, சுளுக்கு விடுகிறது என்று சிரித்தார்கள்.

வீக்கம் இன்னும் ஏறவே, மறுநாள் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். மாட்டுங்கா டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "காலை ஊன முடியலேன்னா எலும்பா இருக்கும்னு தோணலையா? மூங்கில் பட்டை வெச்சுக் கட்டி, அசைக்காம கொண்டு வந்திருந்தா தானே கூடியிருக்கும். விரிசலை நீ மிதிச்சு முறிச்சுட்டே!" நொண்டாமல் நடப்பானா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த நாலு பேர்மேலும் எனக்கு ஆத்திரம், உங்கள்மேலும்தான் அம்மா. நான் கால் முந்திப் பிறந்ததை என்ன பெருமை என்று ஊரெல்லாம் சொன்னீர்கள்? சின்ன வயதில் எத்தனை பேர் இடுப்பை மிதிக்க என்னைத் தூக்கிக் கொடுத்தீர்கள்?

அய்யாத்துரை என்னோடு பேசுவதில்லை. நான் காய்ச்சும் கஞ்சியை மட்டும் சுவரைப் பார்த்துக் குடிக்கிறான். அவனுக்குப் பிடித்த கருப்பட்டி கொஞ்சம் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இனி யார் கேட்டாலும், உங்கள் மகன் தலை முந்தித்தான் பிறந்தான் என்று சொல்லுங்கள்.

சுயம்பு