வலப்பக்க நாற்காலி

பிப்ரவரி 4, புதன்

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். கதவை நெம்பித் திறந்து இறக்கிவிட்டேன். நன்றி இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். இருபது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். எல்லோரும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இன்றைய எரிச்சல் அது இல்லை. மதியம் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு வீடியோ அனுப்பினார். ‘கொசு’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண். சண்டை கேமில் இப்போது இந்த ஊரிலேயே அவளுக்குத்தான் முதலிடமாம். பழைய காலத்து ஆட்டத்தையும் இந்தக் காலத்து ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிறாள். எதை வைத்து? எங்கள் கேம் சென்டரில் இருபத்து மூன்று வருடத்துக்கு முன், தலைநகர்ப் போட்டிக்கு ஒரு ஆளை அனுப்ப நடந்த தேர்வுப் போட்டியின் கடைசி ஆட்டத்தை வைத்து. யாரோ கேமராவில் பிடித்த டேப், எப்படியோ வெளியே வந்திருக்கிறது. வலப்பக்க நாற்காலியில் நான். இடப்பக்கம் மச்சான். அப்போது அவன் வெறும் நண்பன், என் தங்கையைக் கட்டாத காலம்.

அவள் சொல்கிறாள்: “வலப்பக்கம் இருக்கறவர் பதினொரு தடவை காலை வாருறார். காலுக்கு வர்ற அடியை ஆளை உட்கார வச்சுத்தான் தடுக்கணும், இடப்பக்கம் இருக்கறவர் ஒரு தடவைகூட உட்கார்ந்து தடுக்கலை. ஜெயிச்சவரும் ஒரு தடவைகூட எதிராளியைத் தாண்டிக் குதிக்கலை. இதுதான் அந்தக் காலத்து உச்சம்னா, இன்னைக்கு ரெண்டு பேருமே முதல் ரவுண்டுலயே வீட்டுக்குப் போயிடுவாங்க.”

பதினெட்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

பிப்ரவரி 5

மறுபடியும் பார்த்தேன். அவள் சிரிக்கும்போது தெரிகிற பல் வரிசைகூடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தங்கை வீட்டில் சாப்பாடு. வீடியோவை மச்சானிடம் காட்டினேன். அவன் பஸ் டிரைவர். பதினொரு தடவை விழுந்த கையை நம்பி அறுபது பேர் எப்படித்தான் பஸ்ஸில் ஏறுகிறார்களோ என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். அவனும் வழக்கம்போலச் சிரித்து, தன் கை எப்பவுமே மெதுவுதான் என்றான்.

தங்கை கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். “இன்னும் எத்தனை வருஷத்துக்குண்ணா இதையே சொல்லிக் காட்டுவே?” என்றாள். அன்றைக்குத் தோற்ற பிறகு அவன் எந்த மெஷினையும் தொட்டதில்லையாம். மகள் வீட்டில் கேம் ஆடினால்கூட எழுந்து வெளியே போய்விடுகிறானாம். புத்திசாலி என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சொல்லிக் காட்டாமல் வேறென்ன செய்ய? என்னிடம் வேறு என்ன இருக்கிறது? வாடகை வீடு. மனைவி விட்டுப் போய் ஏழு வருடம். ஆனால் இந்த ஊரில் நாற்பது தாண்டிய பத்துப் பேராவது என்னை இன்னும் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோற்றவன் எழ வேண்டும் என்பது விதி; வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் என்னை எழுப்ப ஆள் கிடையாது, அதனால் வந்த பெயர். ஒரு கோடை விடுமுறை முழுக்க என்னை யாரும் எழுப்பவில்லை. அதில் வந்து கை வைக்கிறாள் இந்தப் பெண்.

பிப்ரவரி 11, புதன்

மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிரீஸ் வாசனையில்தான் எனக்குத் தெளிவாக யோசிக்க வருகிறது.

ஒப்பிட வேண்டுமா, சரி, ஒப்பிடலாம். நாங்கள் நின்றுகொண்டே கற்றுக்கொண்டோம். ஆடுகிறவனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, திரையை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்போம். அவன் ஒரு நுணுக்கத்தை மறைக்க வேண்டுமென்றால் லீவரின் மேல் கைக்குட்டையைப் போட்டுக்கொள்வான். அந்தக் கைக்குட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. இவர்கள்? எந்த அடிக்கு ஒரு வினாடியில் அறுபதில் எத்தனை பங்கு ஆகும் என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டில் பனியனோடு உட்கார்ந்து நாற்பதாயிரம் ஆட்டம். லீவரே கிடையாது, பரீட்சை அட்டை அளவில் ஒரு பெட்டி, அதில் வெறும் பட்டன். தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கை கொடுக்கிறான். எங்களிடம் தோற்றவன் மூன்று நாள் தெருப்பக்கமே வரமாட்டான். தோல்வி என்றால் அது தோல்வி.

இன்னொரு கூத்து, ஆட்டத்துக்கு முன்னால் பட்டன் சரிபார்க்க நேரம் கேட்கிறார்கள். அதற்கு விதியே இருக்கிறதாம். எங்கள் இடத்தில் தோற்றவன் எழுந்த சூடு ஆறுமுன் அடுத்தவன் உட்கார வேண்டும். லீவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் “என்னப்பா, விலைக்கு வாங்க வந்தியா?” என்று கேட்டே ஓட்டிவிடுவார்கள்.

தாண்டிக் குதிக்கவில்லையாம். அது என் பாணி. தரையில் கால் பதித்து ஆடுகிறவன் நான். வெட்டுக்கிளிக்குத்தான் குதிக்க வேண்டிய அவசியம்.

தலைநகரில் நடந்த பெரிய போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றேனே என்று கேட்பார்கள். காய்ச்சல். நூற்றிரண்டு டிகிரி. எல்லோருக்கும் தெரியும்.

கடைக்காரர் மூலம் அவளுக்குச் சவால் அனுப்பிவிட்டேன். பழைய கேம், பழைய மெஷின், அவள் பெட்டி கூடாது. இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு என்று ஐந்து நிமிடத்தில் சம்மதம் வந்தது. பயமாவது பட்டிருக்கலாம்.

பிப்ரவரி 14, சனி

எங்கள் சென்டரில் இருந்த அதே மெஷின் கிடைத்துவிட்டது. கேம் சென்டர்காரரின் மகன் கிடங்கில் போட்டு வைத்திருந்தார், எடுத்துப் போனால் சரி என்றார். கம்பெனி தள்ளுவண்டியில் ஏற்றி, கடைக்காரரின் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மின்சாரம் கொடுத்ததும் திரை முழுக்கப் பச்சை. பத்து நிமிடத்தில் சரி செய்தேன். அந்தப் பழைய இசை வந்ததும் வேலையை விட்டுவிட்டு முழுக்கக் கேட்டேன், பொய் சொல்வானேன்.

லீவர் பலகையைக் கழற்றினேன். வலப்பக்கம் கச்சிதம். இடப்பக்க லீவரின் கீழே, பின்பக்கச் சுவிட்சின் தகடு வளைந்திருக்கிறது. நேராகப் பின்னால் தள்ளினால் படுகிறது. கீழும் பின்னும் சேர்ந்த மூலைக்குத் தள்ளினால் படுவதில்லை. அதாவது, இடப்பக்கத்தில் ஆடுகிறவனின் ஆள் திரையில் பின்னால் நடப்பான், நின்று தடுப்பான். உட்கார்ந்து மட்டும் தடுக்க மாட்டான், காலை வாரினால் விழுவான்.

அதிர்ந்துபோனேன். எப்போது ஆனது? கிடங்கில் இடித்திருக்கும்.

பிப்ரவரி 15

என் பையிலேயே ஆறு சுவிட்ச் கிடக்கிறது. லிஃப்ட் கதவுக்குப் போடுவதும் இதே வகைதான். நாளை மாற்றிவிடலாம்.

பிப்ரவரி 18

வேலை அதிகம். மாற்றவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கம்பெனி மருத்துவப் பரிசோதனை. ரத்தம் எடுக்க லேபுக்குப் போனால், ஊசியோடு எதிரே நிற்பது அவள். கொசு! இப்போதுதான் அந்தப் பெயரின் காரணம் புரிகிறது.

கடைக்காரர் என் படத்தைக் காட்டியிருந்தாராம், என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வீடியோவில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டதாகவும், அந்தக் காலத்தில் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்க நிறைய இருப்பதாகவும் சொன்னாள். மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முறைத்தால் பதிலுக்கு முறைக்கலாம். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றாள். நான் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தே ஆக வேண்டும், என் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றேன். ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறேன் என்றான்.

மாற்றவில்லை. மாற்றப் போவதுமில்லை. என் மெஷின், என் இடம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாடியில் முப்பது பேர். பாதி என் வயதுக்காரர்கள், தொப்பையும் வழுக்கையுமாக. “பூட்டு வந்தாச்சு” என்று முதுகில் தட்டினார்கள். மச்சான் காக்கிச் சட்டையோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். நான் நேராக வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அது எப்போதும் என் இடம்.

அவள் இடப்பக்கம் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் பட்டன் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எங்கள் காலத்தில் அதெல்லாம் வழக்கமில்லை என்றேன். என் ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே லீவரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு மூலையில் வைத்து நிறுத்தினாள். திரையில் அவள் ஆள் உட்கார்ந்தான். என்னை ஒரு முறை காலை வாரச் சொன்னாள். வாரினேன். விழுந்தான். இன்னொரு முறை. விழுந்தான். பத்து வினாடி. பத்தே வினாடி!

“அண்ணா, இந்தப் பக்க லீவர்ல உட்கார்ந்து தடுக்கறது பிடிக்க மாட்டேங்குது,” என்றாள். குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை. லேபில் ரத்த வகை சொல்கிற மாதிரி சொன்னாள்.

பழைய மெஷின்தானே, அப்படித்தான் இருக்கும், ஆடு என்றேன். கடைக்காரர்தான் நடுவர். பழுதைக் கண்டுபிடித்தவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அதுதான் இப்போது விதி என்றார். அவள் எழுந்து நின்று எனக்கு இடம் விட்டாள். முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்ய? இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

அவள் கெட்டிக்காரத்தனம் எதுவும் காட்டவில்லை. காலை வாரினாள், அவ்வளவுதான். நான் லீவரை மூலையில் அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். விழுந்தேன். எழுந்தேன். விழுந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தோற்றது போகட்டும். ஆட்டம் முழுக்க மச்சான் திரையைப் பார்க்கவே இல்லை. பழைய பழக்கம், என் தோளுக்கு மேலே எட்டி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்ததும் அவன் உட்கார்ந்தான். லீவரைக் கீழ் மூலைக்குத் தள்ளினான். விட்டான். மறுபடி தள்ளினான். அவள் பக்கத்தில் நின்று, “அண்ணா, அந்த டேப்புல இடப்பக்கம் இருந்தது நீங்களா?” என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவள் முகம் மாறிவிட்டது. தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க என்றாள்.

படியில் இறங்கும்போது என்னிடம் கேட்டான்: “உனக்குத் தெரியுமா?”

இன்றைக்குத்தான் எனக்கே தெரியும் என்றேன்.

பிப்ரவரி 23, திங்கள்

இந்த நோட்டில்கூடப் பொய் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு நானே! யார் படிக்கப் போகிறார்கள் என்று பொய் எழுதினேன்?

எனக்கு அப்பவே தெரியும். அந்தக் கோடை விடுமுறையின் முதல் வாரம் நான் ஒரே ஒரு தடவை இடப்பக்கம் உட்கார்ந்தேன். மூலையில் பிடிக்கவில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. சென்டர்காரரிடம் சொல்லியிருந்தால் ஒரு நாளில் மாற்றியிருப்பார். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சென்டர் திறக்கும்போதே போய் வலப்பக்கம் உட்கார ஆரம்பித்தேன். ஜெயித்தவன் எழ வேண்டியதில்லையே.

ஏன் தாண்டிக் குதிக்கவில்லை? தாண்டினால் ஆட்கள் பக்கம் மாறிவிடுவார்கள், அவனுக்குப் பின்பக்கம் லீவரில் பழுதில்லாத திசையாகிவிடும், அப்புறம் நன்றாகத் தடுப்பான். பாணியாம், மண்ணாங்கட்டி. ஒரு ஆளைப் பழுதான பக்கத்திலேயே நிறுத்தி வைத்து வாரினேன், அதுக்குப் பேரு பாணியாடா?

காய்ச்சலும் கிடையாது. தலைநகரில் எல்லோரும் உட்கார்ந்து தடுத்தார்கள். எனக்கு வேறு எதுவும் ஆடத் தெரியவில்லை.

அவன் போயிருக்க வேண்டும் அங்கே.

பிப்ரவரி 26, வியாழன்

டெப்போவுக்குப் போனேன். காலை ஏழு மணி. அவன் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டேன். எனக்கு அப்பவே தெரியும், முதல் வாரமே தெரியும் என்று. நான் எதிர்பார்த்தது ஒரு அறை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த டயருக்குப் போனான். எல்லா டயரையும் தட்டி முடித்தான். கை துடைத்தான். “நான் என் கையைத்தான் குறை சொல்லிட்டிருந்தேன்,” என்றான். பிறகு வண்டி எடுக்கிற நேரமாகிவிட்டது என்று ஏறிவிட்டான்.

மார்ச் 1

தங்கையிடமிருந்து போன். இந்த ஞாயிறு வர வேண்டாம் என்றாள். அடுத்த ஞாயிறு என்றேன். பார்க்கலாம் என்றாள்.

மார்ச் 12

கடைக்காரரின் மாடிக்குப் போய்ச் சுவிட்சை மாற்றினேன். ஒன்பது நிமிடம் ஆனது.

மார்ச் 29, ஞாயிறு

மெஷின் மாடியிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆடுகிறார்கள், கொசுவின் கூட்டமும் எங்கள் கூட்டமும். தோற்றவர் எழ வேண்டும் என்ற பழைய விதியும் உண்டு, பட்டன் சரிபார்க்கிற புதிய விதியும் உண்டு. மூன்று வாரமாக மச்சான் வருகிறானாம். இன்று நானும் போனேன். வரிசையில் ஐந்தாவது ஆள்.

அவன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னால் நான்கு பேர் உட்கார்ந்து எழுந்தார்கள், அதில் கொசுவும் ஒருத்தி. அவளோடு கடைசி ரவுண்டு வரை போய் ஜெயித்தான். அவள் கை கொடுத்தாள், அவன் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டான்.

நான் உட்கார்ந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காலை வாரினேன், உட்கார்ந்து தடுத்தான். மறுபடி வாரினேன், தடுத்தான். பதற்றமே இல்லாத கை. நின்ற இடத்திலேயே என்னை முடித்தான். இரண்டாவது ரவுண்டில் என்னைத் தாண்டிக் குதித்துப் பக்கம் மாற்றினான், பிறகு மறுபடி மாற்றினான். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்கிற மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் எனக்கு உதவவில்லை.

முடிந்த பிறகும் நான் நாற்காலியிலேயே இருந்தேன். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். ஒரு திட்டாவது.

“தோத்தவங்க எழுந்துக்கணும்,” என்றான். டெப்போவுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கோபமே இல்லாமல், பின்னால் நிற்கிறவர் காத்திருக்கிறாரே என்பதற்காக மட்டும் சொன்னான்.

எழுந்தேன். வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன்.